பழைய கணினியும் புதிய பூட்டும்

வீடு கட்டிக் குடியேறியதோடு ஒரு குடும்பத் தலைவரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. மழைக்காலத்திற்கு முன் தளத்தின் வெடிப்பை அடைக்க வேண்டும். தாழ்ப்பாள் தளர்ந்தால் மாற்ற வேண்டும். நம் இல்லங்களில் இடம்பிடித்துவிட்ட கணினிக்கும் இத்தகைய பராமரிப்பு தேவைப்படுகிறது. அதனையே 'அப்டேட்' என்கின்றனர்.

வாசக அன்பர்களே! கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளாகிய 'விண்டோஸ் 10' 2015 ஜூலை 29ஆம் நாள் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் அதற்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. எங்கள் வில்லாபுரத்தைப் போன்ற பகுதிகளில் ஜெராக்ஸ் கடை, அழைப்பிதழ் அச்சகம், ஜமாஅத் அலுவலகம், மாணவரின் படிப்பு மேசை என எங்கும் பழைய கணினிகளே உழைத்துக்கொண்டிருக்கின்றன. "வழக்கம்போல் இயங்குகிறதே, இனி என்ன?" என்று சிலர் அலட்சியமாக இருக்கின்றனர். "தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்று வேறு சிலர் அச்சுறுத்துகின்றனர். இவ்விரண்டில் எது சரி என்பதை நாம் நிதானமாக ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

அலட்சியத்தின் விலை

பராமரிப்பு நின்ற மறுநாளே கணினி நின்றுவிடாது என்பது உண்மையே. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் எவருமில்லை. இதன் விளைவை 2017 மே மாதத்தில் உலகம் கண்டது. 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் காவல் துறையின் கணினிகள் சிலவும் சிக்கின. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதாவது மார்ச் 14ஆம் நாளே வெளியிடப்பட்டிருந்தது. அதனை ஏற்றுக்கொண்டவர் தப்பினர். 'பிறகு பார்க்கலாம்' என்றிருந்தவர்களே பெரிதும் இழந்தனர்.

அப்டேட் தந்த நன்மை

பாதுகாப்பு மட்டுமன்றிப் புதிய வசதிகளும் இவ்வழியே வருகின்றன. ஒரு காலத்தில் ஒரு கணினியில் அடித்த தமிழை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறியீடுகளே தெரிந்தன. அதே எழுத்துரு அங்கும் இருந்தால்தான் படிக்க இயலும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'விண்டோஸ் 2000', யூனிகோட் முறையில் தமிழை ஏற்றுக்கொண்டது. அதன் பயனாக, தமிழ் உரையும் அரபு வாசகமும் ஒரே பக்கத்தில் தத்தம் எழுத்தில், தத்தம் திசையில் அமைய வழி பிறந்தது. இரு மொழிகளிலும் பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியருக்கு இதன் அருமை தெரியும். 2019 மே மாதத்து அப்டேட், ஒலிப்பு முறையில் தமிழைத் தட்டச்சு செய்யும் வசதியை விண்டோஸ் 10இல் சேர்த்தது. தட்டச்சுப் பயிற்சியில்லாத தாய்மார்களும் தமிழில் எழுத அது உதவுகிறது.

எனினும், அப்டேட் என்றாலே நன்மைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பெரிய அப்டேட், சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே நிறுவனம் அதனை நிறுத்திவைத்து, குறையைச் சரிசெய்து, நவம்பரில் மீண்டும் வெளியிட்டது. முன்கூட்டியே படியெடுத்து வைத்திருந்தவருக்கு இழப்பில்லை.

கதவடைக்கும் நிபந்தனைகள்

அடுத்ததான 'விண்டோஸ் 11' 2021 அக்டோபர் 5ஆம் நாள் வெளிவந்தது. தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு அது இலவசம். ஆனால் அந்தத் தகுதியில்தான் சிக்கல் இருக்கிறது. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றுடன் 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். பிராசஸரோ நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். 2017க்கு முன் வந்த பெரும்பாலானவை அதில் இல்லை.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. பல குடும்பங்களில் நுழைந்த முதல் கணினி அதுவே. அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு வந்த அந்தக் கணினி, பழுதின்றி இயங்கினாலும் இந்த வாசலில் தடுக்கப்படுகிறது. பாதுகாப்பிற்காகவே இந்நிபந்தனைகள் என்று நிறுவனம் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், உழைக்கும் நிலையிலுள்ள பொருளைக் குப்பையாக்கும் முறை ஏழை எளியவர் மீதே பாரத்தை ஏற்றுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. புதிய கணினியின் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்திற்குப் பல மாதச் சேமிப்பு அன்றோ!

நம் முன்னுள்ள வழிகள்

முதலாவதாக, 'பி.சி. ஹெல்த் செக்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானதா என்று அறியுங்கள். தகுதியிருப்பின் மாறிவிடலாம். பழைய தமிழ் எழுத்துருவையோ கணக்கு மென்பொருளையோ நம்பியிருப்பவர்கள், அவை அங்கும் இயங்குமா என்று விசாரித்துக்கொண்டே மாற வேண்டும்.

இரண்டாவதாக, தகுதியில்லாத வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துத் தருவதாக நிறுவனம் 2025இல் அறிவித்தது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துக்கொண்டால் கட்டணமில்லை. இல்லையேல் 30 டாலருக்கு ஈடான தொகை. இதற்குக் கணினியில் விண்டோஸ் 10இன் இறுதிப் பதிப்பாகிய '22எச்2' இருக்க வேண்டும். இது தற்காலிக ஏற்பாடே என்பதை மறந்துவிடலாகாது.

மூன்றாவதாக, எவருக்கும் விலை கொடுக்கத் தேவையில்லாத 'லினக்ஸ்' இருக்கிறது. இது நமக்கு அந்நியமானதன்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்', அரசின் தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்தே தரப்பட்டது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பயில்கின்றனர். கடிதம் எழுதவும், இணையம் பார்க்கவும், கணக்கு வைக்கவும் அது தாராளமாகப் போதும். ஆனால் அச்சகப் பக்கவடிவமைப்பு போன்ற சில மென்பொருட்கள் அதில் இயங்கா. பிரிண்டர் இயங்குமா என்பதையும் முன்பே சோதிக்க வேண்டும். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, மனம் ஒப்பினால் பதிந்துகொள்ளலாம். உரிமமில்லாத விண்டோஸை ஏற்றித் தருவதாகச் சிலர் கூறினால் அதற்கு இணங்காதீர்கள். பூட்டைத் திருடனிடமே வாங்கி மாட்டுவதற்கு அது ஒப்பாகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றே. கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். பிள்ளைகளின் படங்கள், மறைந்த பெரியவர்களின் குரல் பதிவுகள், ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டுப் படிகள் ஆகியவை தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கா. எனவே, வரும் விடுமுறை நாளில் வீட்டுப் பிள்ளைகளுடன் அமருங்கள். தேவையான கோப்புகளை வெளிச்சேமிப்புத் தட்டு ஒன்றில் படியெடுங்கள். அவை திறக்கின்றனவா என்று சரிபாருங்கள். தட்டைக் கணினியிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகே 'அப்டேட்' பொத்தானில் விரல் வையுங்கள்.