வீட்டுக் கொல்லையில் கொல்லுப்பட்டறை!

இரும்பு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் பணத்தைத் தேடுகிறார்கள். பெரிய பட்டறைக்கல் வேண்டும், விசைத் துருத்தி வேண்டும் என்று கடன் வாங்குகிறார்கள். கை பழகும் முன்பே வட்டி வந்து வாசலில் நிற்கிறது.

அந்தக் கடன் தேவையே இல்லை. பட்டறையை ஒரே நாளில் வாங்கிவிட முடியாது. அது வளர வேண்டும். முதல் கருவி, இரண்டாவது கருவியைச் செய்து கொடுக்கும். இரண்டாவது, மூன்றாவதைச் செய்து கொடுக்கும்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பூமியைத் தோண்டி ஆராய்ந்தபோது, சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இரும்பு உலைகள் வெளிப்பட்டன. மண், கரி, காற்று. இந்த மூன்றும்தான் அவர்களுடைய முதல். இன்றும் தொடங்குகிறவருக்கு அவை போதும்.

எந்த இடம்?

வீட்டுக்குள் உலை கூடவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. கதவைச் சாத்திய அறையில் அது உயிரைக் குடித்துவிடும்.

கொல்லைப்புறத்தில், பக்கங்கள் திறந்த ஒரு கொட்டகை போதும். கூரை தகரமாகவோ ஓடாகவோ இருக்கட்டும். கீற்று வேண்டாம். வைக்கோல் போர் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நிழல் அவசியம். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் வேலை கெடும்.

மண் உலை

ஓட்டை விழுந்த பழைய இரும்புச் சட்டி ஒன்று போதும். களிமண்ணும் மணலும் கலந்து, உள்ளே கனமாகப் பூச வேண்டும். நடுவில் ஒரு சாண் அகலம், நான்கு விரல் ஆழத்தில் குழி விட வேண்டும். பக்கத்தில் துளை போட்டு, காற்று வர ஓர் இரும்புக் குழாயைச் செருக வேண்டும்.

துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாய் வேண்டாம். சூடு ஏறினால் அதன் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். கறுப்புக் குழாயே நல்லது.

பூசிய மண் நிழலில் பல நாள் காய வேண்டும். ஈர மண்ணில் தீ மூட்டினால் வெடித்துச் சிதறும். ஆற்றுக் கல்லும் சிமெண்டும் அப்படியே வெடிக்கும்.

காற்றுக்குக் கையால் சுற்றும் துருத்தி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முடி உலர்த்தும் சிறு மின் கருவி கூடப் போதும். கரிக்குச் சீமைக் கருவேலங் கரி எளிதில் கிடைக்கும். எலுமிச்சம்பழ அளவு உடைத்துப் போட வேண்டும்.

பட்டறைக்கல்

காயலான் கடைக்குப் போனால், எடை போட்டு விற்கும் கனத்த இரும்புக் கட்டி கிடைக்கும். 20 கிலோவுக்குக் குறையாத கட்டியாக இருக்கட்டும். மேல் பக்கம் மட்டமாக இருக்க வேண்டும். அதைப் புளியங்கட்டையில் அசையாமல் பதிக்க வேண்டும். நின்று அடிப்பவர், கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம் சரி.

தண்டவாளத் துண்டும் நன்றாக உழைக்கும். ஆனால் ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. திருட்டு ரெயில்வே பொருளை வைத்திருந்தால், 1966-ம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு.

சுத்தியல் 1 கிலோ போதும். கனத்த சுத்தியல் தோளைக் கெடுக்கும்.

குறடு வாங்க வேண்டாம்!

முதல் மாதம் 3 அடி நீளக் கம்பியிலேயே பழக வேண்டும். மறுமுனை சூடாகாது, கையால் பிடிக்கலாம். அதனால் குறடு தேவைப்படாது.

முதல் வேலை, கரி கிளறும் கம்பி. அடுத்தது கொக்கி. பிறகு உளி. கடைசியில் குறடு. முதல் குறடு கோணலாகத்தான் வரும். பிடித்தால் போதும்!

நிறம் பார்!

மங்கிய சிவப்பு சுமார் 700 டிகிரி. அப்போது ஓங்கி அடித்தால் இரும்பு வெடிப்பு விடலாம். ஆரஞ்சும் மஞ்சளும் சுமார் 1,000 முதல் 1,100 டிகிரி. அதுவே அடிக்கும் நேரம். வெள்ளையாகி, மத்தாப்புப் போலப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள். உடனே காற்றைக் குறைக்க வேண்டும்.

கட்டிடக் கம்பி பழகுவதற்கு ஏற்றது. அரிவாளுக்கு அது உதவாது, கூர் நிற்காது. பழைய லாரி வில்பட்டையில்தான் கூர் நிற்கும். காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தால் அது கெட்டியாகும். ஆனால் கண்ணாடி போல உடையும். ஆகையால் தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் வரும் வரை மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். அதற்குச் சுமார் 220 டிகிரி போதும். இதுதான் பதம். எண்ணெய் தீப்பிடிக்கலாம், சட்டிக்கு மூடி தயாராக இருக்க வேண்டும்.

குழந்தைகள் ஜாக்கிரதை!

"இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?" என்பது பழமொழி. பிள்ளைகளுக்கும் அங்கே வேலை இல்லை. சிவந்த இரும்பைக் கண்டு குழந்தை ஒதுங்கும். கறுத்த இரும்பைத் தொட்டுவிடும். கறுத்த பிறகும் அதில் 400 டிகிரி சூடு இருக்கலாம்!

அடிக்கிறவர் பருத்தி உடை உடுத்த வேண்டும். நைலான் உருகித் தோலில் ஒட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு மூடிய தோல் செருப்பு. செலவில் இந்த இரண்டை மட்டும் குறைக்கவே கூடாது.

கை பழகியதும் அக்கம்பக்கத்து வேலை வரும். மழுங்கிய அரிவாள், தேய்ந்த மண்வெட்டி, கொழு. காய்ச்சி அடித்துப் பதம் போட்டுக் கொடுத்தால் கூலி கிடைக்கும். பெரிய பட்டறைக்கல்லை அப்போது வாங்கலாம். அதற்கு வேண்டிய பணத்தைப் பட்டறையே கொடுக்கும்!