நான்கு எழுத்துகளில் ஒரு மருந்துக் கட்டுமானம்

நியூக்ளிக் அமிலங்கள் பாடத்தில், 'அடினைனுக்கு யுராசில், குவானைனுக்குச் சைட்டோசின்' என்று மாணவர்கள் ஒப்பித்ததும் நாம் பெரும்பாலும் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் மாணவருக்குச் சொல்ல நல்லதொரு விடை உண்டு. இதே விதியைக் கொண்டுதான் மருந்து சுமக்கும் ஆர்என்ஏ நானோ துகள்களைக் கணினியில் வடிவமைக்கிறார்கள்.

ஆர்என்ஏ பெரும்பாலும் ஒற்றை இழை. அது தன்மீதே மடியும்போது, பொருந்தும் எழுத்துகள் இணைந்து தண்டாகின்றன. இணையாதவை நுனியில் வளையமாகின்றன. பார்ப்பதற்குக் கொண்டை ஊசி போலிருக்கும். இரண்டு ஊசிகளின் வளைய எழுத்துகள் பொருந்தினால் அவையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

பாக்டீரிய ஆர்என்ஏ ஒன்றில் இப்பிடிப்பு சுமார் 120 டிகிரி வளைந்திருக்கிறது. ஒழுங்கு அறுகோணத்தின் உட்கோணமும் 120 டிகிரி அல்லவா! ஆறு துண்டுகள் சேர்ந்தால் வளையம் மூடிவிடும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புரூஸ் ஷபிரோ குழுவினர் 2007-இல் இதைக் கணினி மாதிரியாக வெளியிட்டனர். 2011-இல் அது ஆய்வகத்தில் உண்மையான துகளாகவே உருவாக்கிக் காட்டப்பட்டது.

கணினி எதற்கு? 20 எழுத்துள்ள இழையை 4-இன் அடுக்கு 20 வழிகளில் எழுதலாம். அதாவது ஒரு லட்சம் கோடிக்கும் மேல். எந்த வரிசை எப்படி மடியும், அதற்கான ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிட்டு, வேண்டிய வடிவம் தரக்கூடியவற்றை மென்பொருள் தேர்ந்து தருகிறது.

வளையத்தின் ஓரங்களில், நோய்க்குக் காரணமான மரபணுவின் செய்தியைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏக்களை இணைக்கலாம். இத்தடுப்பு முறையைக் கண்டறிந்த ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 2006-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இரத்தத்திலுள்ள நொதிகள் ஆர்என்ஏவை விரைவில் சிதைத்துவிடும். நோய் எதிர்ப்பு மண்டலமும் எதிர்க்கக்கூடும். ஆகவே, இவ்வளையத் துகள்கள் ஆய்வு நிலையில்தான் உள்ளன என்பதையும் வகுப்பில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் செயல்பாடு எளியது. ஜி, ஜி, ஜி, சி, ஏ, ஏ, ஏ, ஏ, ஜி, சி, சி, சி என 12 அட்டைகளை 12 மாணவர்களிடம் கொடுத்து வரிசையாக நிற்கச் செய்யுங்கள். முதலாமவரும் கடைசியானவரும் கைகோத்து, அப்படியே உள்நோக்கி வரட்டும். நான்கு இணைகள் தண்டாகும்; நான்கு 'ஏ'க்கள் வளையமாகும். பிறகு மூன்றாவது அட்டையை 'ஏ' என மாற்றுங்கள். எந்த இணை விடுபடுகிறது, தண்டு என்னவாகிறது என்று மாணவர்களே சொல்லட்டும். ஓர் எழுத்து மாறினால் வடிவமும் மாறக்கூடும் என்பதிலிருந்து திடீர் மாற்றம் பற்றிய பாடத்தைத் தொடங்கிவிடலாம்.