பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்... ஆனா கவனிக்கலையே!

அடுப்பில் பால் இருக்கிறது. நீங்கள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். கண் பாத்திரத்தின் மேல்தான் இருக்கிறது. மனசு மட்டும் நாளைக்குக் கட்ட வேண்டிய ஸ்கூல் ஃபீஸைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. 'புஸ்ஸ்ஸ்...' பால் பொங்கி வழிந்து, அடுப்பே அணைந்த பிறகுதான் திடுக்கிடுகிறீர்கள்.

"பார்த்துக்கிட்டேதானே நின்னே... பொங்குறது தெரியலையா?" என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வது? "தெரியலை அத்தை" என்பதுதான் சத்தியமான பதில். கண் திறந்திருந்தது நிஜம். மனசு அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் நிஜம்.

பால் போனால் போகட்டும், துடைத்துவிடலாம். இதே விஷயம் ஸ்கூட்டர் ஓட்டும்போது நடந்தால்? தண்ணீர் வாளி பக்கத்தில் ஒரு வயசுக் குழந்தை நிற்கும்போது நடந்தால்?

ஒரே ஒரு டார்ச் லைட்!

கரண்ட் போன ராத்திரியில் கையில் ஒரு டார்ச் லைட் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது விழுகிற இடம்தான் தெரியும். மற்ற இடமெல்லாம் இருட்டு. கவனமும் கிட்டத்தட்ட அப்படித்தான். விழித்திருப்பது வேறு, கவனித்திருப்பது வேறு!

1953-ல் காலின் செர்ரி என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். ஹெட்போன் மாட்டி, ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறொரு பேச்சு. ஒரு காதில் கேட்பதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் மறு காதில் என்ன பேசினார்கள் என்று கேட்டால்... விழித்தார்கள்! நடுவில் ஆங்கிலம் ஜெர்மன் மொழிக்கு மாறியதைக்கூட கவனிக்கவில்லை.

ஆனால் ஒன்று. கவனிக்காத காதில் சொந்தப் பெயர் வந்தால், சிலர் அதைப் பிடித்துவிடுகிறார்கள் என்று 1959-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. கல்யாண வீட்டு இரைச்சலில் யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புகிறோமே, அதேதான்!

கொரில்லா வந்தது தெரியுமா?

காது விஷயம் இப்படி. கண்? 1999-ல் அமெரிக்காவில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் ஒரு வீடியோ காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை தடவை கைமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் சாவகாசமாக நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை!

'சாதாரண ஜனங்கள்தானே' என்கிறீர்களா? 2013-ல் வெளியான ஆய்வில் 24 ரேடியாலஜி டாக்டர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்து, கட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். படத்தில் ஒரு சின்னக் கொரில்லா உருவத்தையும் சேர்த்திருந்தார்கள். 20 பேர் அதைப் பார்க்கவில்லை. திறமைக் குறைவு இல்லீங்க. தேடுகிற பொருள் மேல்தான் லைட் அடிக்கும். மற்றது இருட்டில் போய்விடும்.

'நான் அஷ்டாவதானி' என்கிறீர்களா?

"சமையலும் பண்ணுவேன், போனும் பேசுவேன், பையனுக்குப் பாடமும் சொல்லித் தருவேன்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கை பழகிய வேலை தானாக ஓடும், அது சரி. ஆனால் யோசிக்க வேண்டிய இரண்டு வேலைகளில் மனசு இங்கேயும் அங்கேயும் தாவிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சிந்தும். 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர் போன்றவர்களின் சாதனை அபூர்வம். அதை நம்பி நாம் ரோட்டில் இறங்கக்கூடாது!

"வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்க மாட்டேன், காதில்தான் மாட்டியிருப்பேன்" என்பவர்களும் கேளுங்கள். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் சிக்னலைக் கோட்டை விடுவது ஒரே மாதிரிதான் இருந்தது. பிரச்னை கையில் இல்லை, மனசில்! பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ரோடு தெரியும். லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் என்ன செய்யலாம்?

* வண்டியில் போன் வேண்டாம். வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

* தண்ணீர் பக்கத்தில் குழந்தை இருந்தால் கண் மட்டும் போதாது. கை எட்டும் தூரத்தில் இருங்கள், போனைத் தள்ளி வையுங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே ஆபத்து; பெரும்பாலும் சத்தம்கூட வராது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

* "கேஸை மூடினேனா, பூட்டினேனா?" என்று பாதி வழியில் சந்தேகமா? பழகிய வேலையைக் கை மட்டும் செய்ததால் வரும் குழப்பம் இது. மூடும்போது "கேஸ் மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

* டி.வி. பார்க்கும் பிள்ளையிடம் தூரத்திலிருந்து கத்தாதீர்கள். கிட்டே போய், பெயர் சொல்லித் தோளைத் தொடுங்கள். முகம் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள்.

* அப்படித் தொட்டுக் கூப்பிட்டும் பதில் இல்லாமல், குழந்தை சில வினாடிகள் வெறித்துப் பார்த்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்கிறதா? அடிக்கடி இப்படி நடந்தால் திட்டாதீர்கள். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த தடவை அவர் "நீ சொன்னது என் காதிலேயே விழலைம்மா" என்றால் உடனே கோபப்படாதீர்கள். நிஜமாகவே விழாமல் இருந்திருக்கலாம். பேப்பரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள்!