ஃபயர்வாலை நிறுத்தாதீங்க, வீட்டுக்கு மட்டும் ஒரு கதவு திறங்க

குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் நம்மில் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர் இருக்கும். படிக்கிற பிள்ளையின் மடிக்கணினியும் இருக்கும். ரொக்கப் புத்தகம் ஒன்றில், கடன் பேரேடு இன்னொன்றில். நடுவில் பென்டிரைவ் போய்ப் போய் வரும். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நிற்கும். தணிக்கைக்கு ஆள் வந்து உட்கார்ந்த பிறகு "எதும்மா சரியான கணக்கு?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? போதாததற்கு, ஜெராக்ஸ் கடையில் சொருகி எடுத்த பென்டிரைவ் வைரஸையும் கூட்டிக்கிட்டு வரும்.

இதற்கு வழி இருக்கிறது. கணக்கை ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வைத்து, அந்த ஒரு ஃபோல்டரை மற்றக் கம்ப்யூட்டரிலிருந்து திறந்து பார்க்கலாம். இரண்டும் வீட்டு வைஃபை ரவுட்டரோடு சேர்ந்திருந்தால் போதும். இன்டர்நெட் வர வேண்டும் என்றுகூட இல்லை. கல்வராயன் மலையில் சிக்னல் போன நாளிலும் ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் வேலை நடக்கும்.

ஆனால் செய்து பார்க்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ஃபயர்வாலில்தான். தமிழில் தீச்சுவர் என்கிறார்கள். நல்ல பெயர். கூரை வீடுகள் நெருங்கி இருக்கும் இடத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த கூரைக்குத் தாவும். நடுவில் ஒரு மண்சுவர் இருந்தால் தடுக்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இந்தச் சுவரும் வெளியிலிருந்து "உள்ளே வரலாமா?" என்று கேட்கிற எதையும் நாம் அனுமதிக்காதவரை திருப்பி அனுப்பிவிடும். பக்கத்து அறையில் இருக்கும் நம் மடிக்கணினியையும் சேர்த்துத்தான். நம்ம பிள்ளை, வேற்றாள் என்ற வித்தியாசம் நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

கடையில் கேட்டால் பலர் உடனே சொல்லும் வழி, "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்கம்மா, எல்லாம் வந்துடும்." வரும், உண்மைதான். எலி வளைக்குப் பயந்து வீட்டுக்கே கதவு வைக்காமல் விடுகிற மாதிரி வேலை இது. அப்புறம் எதுவும் வரும்.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. 150 நாடுகளுக்கு மேல், 2 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு மேல் சிக்கின. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. நம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. அது வந்த வழி எது தெரியுமா? நாம் இப்போது திறக்கப் பார்க்கிற அதே வழிதான். விண்டோஸில் கோப்புப் பகிர்வதற்கு என்று இருக்கிற 445 என்ற எண்ணுள்ள கதவு. ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்ததும், அந்தக் கதவு திறந்திருக்கும் அடுத்த கம்ப்யூட்டரைத் தானாகத் தேடிப் போனது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதுகூட இல்லை.

நம்மிடம் காரா இருக்கு, ஆஸ்பத்திரியா இருக்கு என்று நினைக்க வேண்டாம். உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ்புக் நகல், கடன் பாக்கி எல்லாம் அதில் இருக்கிறது. யாருக்கு எத்தனை தவணை நிற்கிறது என்பது குழுக் கூட்டத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம். அது தெருவுக்குப் போனால் அந்தச் சகோதரி மறு வாரம் கூட்டத்துக்கே வர மாட்டார்.

அதனால் சுவர் அப்படியே நிற்கட்டும், வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு கதவு வைப்போம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில், இப்போது இணைந்திருக்கும் வீட்டு வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்க. பப்ளிக், ப்ரைவேட் என்று இரண்டு இருக்கும். பப்ளிக் என்றால் சந்தைத் திடல், ப்ரைவேட் என்றால் சொந்த வீடு. புதிதாக எந்த வைஃபையில் சேர்ந்தாலும் விண்டோஸ் பெரும்பாலும் சந்தை என்றே எடுத்துக்கொள்ளும். வீட்டு வைஃபையை மட்டும் ப்ரைவேட் என்று மாற்றுங்க.

அடுத்து கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால். இடது பக்கத்தில் "அலவ் அன் ஆப்" என்று தொடங்கும் வரியை அழுத்தி, பட்டியல் வந்ததும் மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ்" கொடுங்க. பட்டியலில் "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" என்று இருக்கும். அதற்கு நேராக ப்ரைவேட் கட்டத்தில் டிக் இருக்கட்டும், பப்ளிக் கட்டத்தில் இருந்தால் எடுத்துவிடுங்க. "நெட்வொர்க் டிஸ்கவரி" என்பதற்கும் இதே மாதிரி. ஓகே கொடுத்தால் ஃபயர்வால் வேலை முடிந்தது. தனியாகக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கே சொந்தமாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம். அப்போது இதை அங்கே போய்த்தான் செய்ய வேண்டும்.

இனி ஃபோல்டர். முழு சி டிரைவையும் பகிர்ந்துவிடாதீங்க. "குழு" என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதை வலது க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய் ஷேர் கொடுங்க. யாருக்கு என்று கேட்கும். "எவ்ரிஒன்" என்று கொடுக்காமல், அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பாஸ்வேர்டோடு இருக்கும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்க. பார்க்க மட்டும் என்றால் ரீட், எழுதவும் வேண்டும் என்றால் ரீட்-ரைட். பிள்ளையின் மடிக்கணினிக்கு ரீட் போதும் என்பது எங்கள் கருத்து. கணக்கு எழுதும் கை ஒன்றாக இருப்பதே நல்லது.

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மற்றக் கம்ப்யூட்டரிலிருந்து திறக்கும்போது கேட்பது பாஸ்வேர்டு. தினமும் உள்ளே போகப் போடும் நான்கு எண் பின் இதற்குச் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத பெயராக இருந்தாலும் சாதாரணமாகத் திறக்காது. ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று நினைத்து அதை நிறுத்தப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்க.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பயிற்சிக்கு வருகிறீர்கள், அங்கே இருக்கும் வைஃபையில் சேர்கிறீர்கள் என்றால் அதைப் பப்ளிக் என்றே விடுங்க. ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாகக் கம்ப்யூட்டர் நினைவு வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கதவு தானே திறக்கும்.

வீட்டுக் கதவையும் அப்டேட் செய்த கம்ப்யூட்டரில்தான் திறக்க வேண்டும். வானாக்ரையைத் தடுக்கும் அப்டேட் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் இரண்டு மாதம் கழித்து மாட்டினார்கள். பழைய அரசு மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதில் இந்த வேலை வேண்டாம். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11-க்கு மாற முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்க.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் வீட்டு வைஃபையை ஒரு நிமிடம் பப்ளிக் என்று மாற்றிவிட்டு, மடிக்கணினியை அணைத்துப் போட்டு அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்க. திறக்கக் கூடாது. திறந்தால் பப்ளிக் கட்டத்தில் எங்கோ டிக் நிற்கிறது, எடுத்துவிடுங்க. திறக்கவில்லையென்றால் மறுபடி ப்ரைவேட் ஆக்கிவிட்டுக் கணக்கு எழுத உட்காரலாம்.