வில்லியனூர் மண்ணும் கிண்டிப் பதிவேடும்

மார்ச் மாதம் பிறந்தாலே ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்து விழுகிறது: “31ஆம் தேதிக்குள் பதியாவிட்டால் புவிசார் குறியீடு போய்விடுமாமே, உண்மையா?” புதுச்சேரியின் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்தும் திருக்கனூரிலிருந்தும் வந்த கடிதங்கள் இதைத்தான் கேட்கின்றன. கதிர்காமத்து மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று மட்டும் வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. அவர்கள் வில்லியனூரில் அகல் விளக்கும் சுடுமண் பொம்மையும் வாங்கி, வண்ணம் தீட்டிக் கடற்கரைச் சாலையில் விற்கிறவர்கள். “நாங்கள் செய்பவர்கள் இல்லையே, ‘வில்லியனூர் சுடுமண்’ என்று அட்டை வைத்து விற்கலாமா, வழக்கு வருமா?” என்கிறது கடிதம்.

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். போகாது. மார்ச் 31 என்பது அரசுக் கணக்கு முடியும் நாள். ஒதுக்கிய பணத்தைச் செலவு செய்து காட்ட வேண்டிய அவசரத்தில் கண்காட்சியும் பயிற்சி முகாமும் சான்றிதழ் விழாவும் அந்த மாதத்தில் குவியும். முகாமில் ஒலிபெருக்கியில் சொல்லப்படும் கடைசித் தேதி அந்த முகாமுக்கோ, ஏதோ ஒரு திட்டத்துக்கோ உரியது. புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் கைவினைஞர் தன் பெயரைப் பதிவதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது. பதிவுக்குத்தான் ஆயுள் பத்தாண்டு, அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினையும் 2010-11ஆம் ஆண்டில் குறியீடு பெற்றவை. அவற்றின் முதல் பத்தாண்டு எப்போதோ கடந்துவிட்டது.

கதிர்காமத்துக் கேள்விதான் உண்மையில் சுவையானது. அதற்குப் பதில் தேடப் போனால் சட்டத்தின் மிக விசித்திரமான மூலைக்குப் போய்ச் சேர்கிறோம்.

மேடைகளில் புவிசார் குறியீடு ‘உலக அங்கீகாரம்’ ஆகிறது, ‘கைவினைஞர்களின் வாழ்வில் ஒளி’ ஆகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வளவு கவித்துவமாகப் பேசவில்லை. ஒரு பெயரை யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது, சொன்னால் யார் வழக்குப் போடலாம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. பொருளை வாங்க ஆள் பிடித்துத் தருவதோ, விலை நிர்ணயிப்பதோ அதன் வேலை அல்ல.

சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்தில்தான் நாடு முழுமைக்குமான பதிவேடு இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலையும் அங்கேதான், காஞ்சிப் பட்டும் அங்கேதான். அந்தப் பதிவேட்டுக்கு ‘ஏ’, ‘பி’ என இரண்டு பகுதிகள். ‘ஏ’ பகுதியில் பொருளின் பெயரும் அதன் ‘பதிவு உரிமையாளர்’ பெயரும் இருக்கும். இந்த உரிமையாளர் தனி மனிதராக இருக்க முடியாது. சங்கமாகவோ அமைப்பாகவோ அரசு சார்ந்த கழகமாகவோதான் இருக்க வேண்டும். விழாவில் சால்வை போர்த்திக் கொடுக்கப்படும் சான்றிதழ் இந்தப் பகுதிக்கு உரியது. ‘பி’ பகுதியில்தான் சக்கரத்தில் கை வைக்கிற மனிதர்கள் வருகிறார்கள், வந்தால். ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று அவர்களுக்குப் பெயர். குறியீட்டைப் பயன்படுத்தும் தனி உரிமையைச் சட்டம் கொடுப்பது இவர்களுக்குத்தான்.

ஆக, வில்லியனூரில் பிறந்து, சங்கராபரணிக் கரையில் வளர்ந்து, நான்கு தலைமுறையாகச் சூளை போடும் ஒரு குயவரும் ‘பி’ பகுதியில் பெயர் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் வெளியாள். அவர் செய்த பானையை வில்லியனூர்ப் பானை என்று சொன்னதற்காக யாரும் அவரைச் சிறைக்கு அனுப்பப்போவதில்லை. ஊரைப் பொய்யாகச் சொல்லி ஏமாற்றுவதுதான் குற்றம். ஆனால் எங்கோ அச்சில் வார்த்த பொம்மையை ஒருவர் ‘வில்லியனூர்’ என்று சொல்லி விற்றால், இந்தச் சட்டத்தின்படி அவரை எதிர்த்து நிற்கும் உரிமை இந்தக் குயவரிடம் இல்லை.

இப்போது கதிர்காமத்துக் குழுவிடம் வருவோம். சட்டத்தின் 22ஆவது பிரிவின் ஒரு உட்பிரிவு, முறைப்படி வாங்கிய பொருளை மேற்கொண்டு விற்பது, பொட்டலம் கட்டுவது, பதப்படுத்துவது எதுவும் அத்துமீறல் ஆகாது என்கிறது. பொருளின் தன்மை கெடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எனவே அம்மணிகளே, நேர்மையாக வாங்கிய வில்லியனூர் விளக்கை, வாங்கிய ரசீதை வைத்துக்கொண்டு, வில்லியனூர் விளக்கு என்றே தாராளமாக விற்கலாம். உங்களுக்குப் பதிவு வேண்டியதில்லை.

சட்டம் இதோடும் நிற்கவில்லை. ‘உற்பத்தியாளர்’ யார் என்று இரண்டாவது பிரிவு விளக்குகிறது. கைவினைப் பொருளாக இருந்தால் அதைச் செய்பவர் என்று தொடங்கி, அந்தத் தொழிலில் வணிகம் செய்பவரையும் கூடவே சேர்த்துக்கொள்கிறது. உற்பத்தியாளர் என்று கோருபவர்தான் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக விண்ணப்பிக்க முடியும். அப்படியானால் வாழ்நாளில் களிமண்ணைத் தொடாத மொத்த வியாபாரியும் ‘பி’ பகுதிக்குள் நுழைய வாசல் திறந்திருக்கிறது.

இதை எழுதியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். தேயிலையிலும் பட்டிலும் வணிகரை வெளியே நிறுத்தினால் சரக்கு சந்தைக்கே வராது. கதிர்காமத்துக் குழு போன்றவர்களுக்கும் இந்த வரையறையால் நன்மைதான். ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். செய்பவர் உரிமை பெறப் படிவம் நிரப்ப வேண்டும், தான் செய்பவர்தான் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். வாங்கி விற்பவருக்குப் படிவமே வேண்டாம். வேண்டுமென்றால் அவரும் படிவம் நிரப்பி, செய்பவருக்குச் சமமாகப் பக்கத்து வரியில் உட்காரலாம். வக்கீலும் கணக்கரும் வைத்திருப்பவர் யார், இல்லாதவர் யார் என்பது தெரிந்ததே. கிராமக் கைகளைக் காக்க வந்ததாகச் சொல்லப்படும் சட்டம், படிவம் நிரப்பத் தெரிந்த கைகளைத்தான் முதலில் காக்கிறது. என் கணக்கில் இதுதான் இதன் பெரிய ஓட்டை.

பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதை 2025இல் கோலாப்பூர் காட்டியது. அந்த ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா ஃபேஷன் நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்த காலணியை ஊர் பெயர் சொல்லாமல் மேடையேற்றியது. மும்பையில் வழக்கறிஞர்கள் சிலர் கைவினைஞர்களுக்காகப் பொதுநல வழக்குப் போட்டார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பதிவு உரிமையாளர் வரட்டும், நீங்கள் யார் என்பதுதான் சாரம். 2019இல் கோலாப்பூர்ச் செருப்பு பெற்ற குறியீட்டின் பதிவு உரிமையாளர்கள் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்கள். 2025 இறுதியில் பிராடா இந்தியாவில் காலணி செய்விக்க ஒப்பந்தம் போட்டதும் அந்த இரண்டு கழகங்களோடுதான். ‘ஏ’ பகுதியில் யார் பெயர் இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பிரான்ஸ் இருக்கிறது. அது 1935இல் தன் திராட்சை ரசங்களின் ஊர்ப் பெயர்களைக் காக்க ஒரு தேசிய அமைப்பை ஏற்படுத்தியது. அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. ஷாம்பெயினுக்குக் கிடைத்த காவல் வில்லியனூர்ச் சூளைக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. பிரான்சில் பெயரைப் பயன்படுத்துபவர் எழுதி வைத்த செய்முறையைப் பின்பற்றுகிறாரா என்று தொடர்ந்து சோதிக்கிறார்கள். நாம் பெயரை இரவல் வாங்கினோம், சோதனையை வாங்க மறந்துவிட்டோம்.

அரசின் பதில் எண்ணிக்கையாக வருகிறது. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல், 2030க்குள் 10,000 குறியீடுகள் என்று இலக்கு வைத்தார். அப்போது நாட்டில் இருந்தவை 605. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள் பத்தாண்டில் 365இலிருந்து 29,000 ஆகிவிட்டார்கள் என்றும் பெருமையாகச் சொல்லப்பட்டது. வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 29,000ஐ 605ஆல் வகுத்தால் ஒரு பெயருக்கு ஐம்பது பேர்கூட வரவில்லை. இந்த 29,000இல் செய்பவர் எத்தனை, விற்பவர் எத்தனை என்று பிரித்துச் சொன்னால் இன்னும் பிரயோசனமாக இருக்கும். இலக்கு 10,000 பெயர்கள் என்று வைத்தால் அதிகாரிகள் பெயர்களைத்தான் துரத்துவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இத்தனை கைகள் என்று வைத்திருந்தால் ஊர் ஊராகப் போய்க் கைகளைத் தேடியிருப்பார்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கட்டணம் எவ்வளவு? பயனாளராகப் பதிய முன்பு 500 ரூபாய், 2020இல் விதியைத் திருத்தி 10 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பிரமாணப் பத்திரச் செலவும் அலைச்சலும் தனி.

குறியீட்டைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாமா? கூடாது. ஊர்ப் பொதுக் குளத்தைப் போல அதை விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ சட்டம் இடம் தரவில்லை.

அப்பா பயனாளராக இருந்து இறந்துவிட்டால்? உரிமை வாரிசுக்கு வரும்.

கதிர்காமத்தில் நாங்களே சூளை போட்டால்? பதிவு ஆவணத்தில் உள்ள வரைபடமும் செய்முறையும்தான் அளவுகோல். எல்லாமே வரைபடத்துக்கு வெளியே நடந்தால் அந்தப் பெயர் கிடையாது.

பொய்ப் பெயரில் விற்றால் என்ன தண்டனை? ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பத்மஸ்ரீ கிடைத்தது குறியீட்டாலா? இல்லை. 2020இல் வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்குக் கிடைத்தது அவருடைய கலைக்கான தனி விருது.

விஸ்வகர்மா திட்டமும் இதுவும் ஒன்றா? இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய அது கடன், பயிற்சி, கருவிக்கான 15,000 ரூபாய் தரும் திட்டம். 18 தொழில்களில் குயவரும் பாரம்பரிய பொம்மை செய்பவரும் உண்டு, குடும்பத்துக்கு ஒருவர்தான்.

ரயில் நிலையக் கடைக்குக் குறியீடு கட்டாயமா? ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ 2022இல் வந்த ரயில்வே திட்டம். உள்ளூர்ப் பொருளாக இருந்தால் போதும்.

கிண்டிப் பதிவேடு பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம், இணையத்திலும் தேடலாம். வில்லியனூர், திருக்கனூர்க் கைவினைஞர்கள் அடுத்த விழா அழைப்பிதழ் வரும்வரை காத்திருக்காமல் ‘பி’ பகுதியில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். இல்லையென்றால் நிரப்ப வேண்டியது ஜி.ஐ.-3 என்ற படிவம், கட்டணம் பத்து ரூபாய்.