சிதம்பரத்தில் வீடா, கடலூரில் வீடா?

கடையில் மிச்சம் பிடித்த தொகையை வாடகை வரும் கட்டடத்தில் போட எண்ணும் வணிக நண்பர்கள் கடலூர் மாவட்டத்தில் பலர். அவர்கள் நம்மிடம் கேட்பது: சிதம்பரமா, கடலூரா?

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929-ல் பல்கலைக்கழகம் தோன்றியது. ஒரு குடும்பம் தரும் வாடகையைவிட நான்கு மாணவர்கள் சேர்ந்து தருவது கூடுதல்தான். ஆனால் அதைப் பன்னிரண்டால் பெருக்கிவிடக் கூடாது. மாதம் 10,000 ரூபாய் வரும் வீடு கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வரவு 1,00,000. கடலூரில் 8,500 ரூபாய்க்கு ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் இருந்தால் 1,02,000. மாணவர் காலி செய்யும்போதெல்லாம் வெள்ளையடிப்பு, குழாய் ரிப்பேர் செலவு வேறு.

ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி மொத்தக் கடை நடத்துவோமா? பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு ஏற்றது. பின்னர் உபரி ஊழியர்கள் பலர் பிற அரசுத் துறைகளுக்கு அனுப்பப்பட்டனர். 2020 மார்ச்சில் கொரோனாவால் வகுப்புகள் மூடியபோது மாணவர் அறைகளும் காலியாயின. வளாகத்திற்குள் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிகள் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

கடலூரில் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், துறைமுகம், சிப்காட் என்று பல தரப்புக் குடித்தனக்காரர்கள் உண்டு. ஆனால் 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம் என்று அடி வாங்கிய ஊர். தரகர் சொல்வதோடு நில்லாமல், தெருமுனை டீக்கடையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள். சிதம்பரத்துக்கும் இதே யோசனைதான்.

நம் அபிப்பிராயம்: சிதம்பரத்தில் கடை வைத்திருப்பவர், கடை சாத்தியபின் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் மாணவர் வீடு வாங்கலாம். மற்றவர்களுக்குக் கடலூரில் குடும்பக் குடித்தனமே நலம். எங்கே வாங்கினாலும் சரக்குக் கொள்முதல் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

பெண்கள் விடுதி நடத்த விரும்புவோர் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது. வருமான வரியில், கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். இதற்கு ரிப்பேர் பில் எதுவும் காட்டத் தேவையில்லை.