டால்பினின் மூச்சு

ஆஸ்துமாவுக்காக நுரையீரல் பிரிவுக்கு அழைத்து வரப்படும் சிறுவர்களுள் சிலருக்கு ஆட்டிசமும் இருப்பதுண்டு. அவர்களுடைய பெற்றோர், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும் வேளையில், தயங்கியவாறே ஒரு வினாவை எழுப்புகின்றனர்: “வெளிநாட்டில் டால்பினோடு நீந்த வைத்துக் குழந்தையைக் குணப்படுத்துகிறார்களாமே, கூட்டிப் போகலாமா, டாக்டர்?” வேண்டாம் என்பதே என் விடை. காரணங்களைப் புறநோயாளர் பிரிவின் நெரிசலில் விளக்க இயலாமையால் இங்கே எழுதுகிறேன்.

இம்முறையை 1970களில் அமெரிக்காவில் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவர் பெட்ஸி ஸ்மித் என்னும் மானுடவியலாளர். பின்னாளில் அவரே அதனைக் கைவிட்டு, அதற்கு எதிராகப் பேசினார். அதுகுறித்து வெளிவந்த ஆய்வுகளை 2007-ஆம் ஆண்டில் லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்டு ஆகிய இருவரும் பரிசீலித்தனர். ஆய்வு முறைகளிலேயே குறைகள் மலிந்துள்ளன என்றும், நிலையான பயன் எதுவும் நிறுவப்படவில்லை என்றும் அவர்கள் முடிவு கூறினர். குழந்தை சில நாள் மகிழ்ச்சியாக இருக்கும் என்பது மெய்யே. நீச்சல் குளமும் நாய்க்குட்டியும்கூட அம்மகிழ்ச்சியைத் தரும். மேலும், டால்பின் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள வனவிலங்கு; அது கடிக்கவும் மோதவும் கூடும். நகையை அடகு வைத்துச் செல்லத்தக்க பயணம் அன்று அது. இந்தியாவில் டால்பின் காட்சிக் குளங்களுக்கு 2013-ஆம் ஆண்டிலேயே அனுமதி மறுக்கப்பட்டுவிட்டது.

கடலில் தன்னிச்சையாகத் திரியும் டால்பினைக் கரையில் நின்று காண்பது வேறு. அதற்கு நோய் தீரும் என்ற வாக்குறுதி எதுவும் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பயிற்சி பெற்ற காலத்தில், ஓய்வு நாள்களில் சானன்ரி முனைக்குச் செல்வது என் வழக்கம். மோரே கடற்கழியின் குறுக்கே நீண்டு கிடக்கும் கூழாங்கல் திட்டு அது. முனையில் 1846-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. நீர் வற்றிய பின் வேலி ஏற்றம் தொடங்கும்போது, அக்குறுகிய வாயிலில் நீரோட்டம் விரைவுபெறும். ஆற்றை நாடி வரும் சால்மன் மீன்கள் அதனூடே செல்ல வேண்டும். அவற்றுக்காகப் புட்டிமூக்கு டால்பின்கள் அங்கே காத்திருக்கும். முகத்தின் முன்பகுதி புட்டியின் கழுத்தைப் போல் நீண்டிருப்பதால் அப்பெயர். குளிர்நீரில் வாழ்வதால் இவை பருத்தவை. ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளம் வரை வளர்வன. முதுகுத் துடுப்பிலுள்ள வெட்டுத் தழும்புகளைப் படமெடுத்து, 1989 முதல் ஒவ்வொன்றையும் ஆராய்ச்சியாளர் தனித்தனியே அடையாளம் கண்டு வருகின்றனர். நம் பிரிவில் எக்ஸ்ரே படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிடுவதை அது எனக்கு நினைவூட்டும்.

கரைக்கு மிக அருகில் வரும்போது அவற்றின் மூச்சொலி தெளிவாகக் கேட்கும். நுரையீரல் மருத்துவருக்கு அதைவிடச் சுவையான காட்சி வேறில்லை. உச்சந்தலையிலுள்ள ஒற்றைத் துளை திறந்து, வெளிமூச்சும் உள்மூச்சும் முடிந்து, மீண்டும் மூடுவதற்கு ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கே ஆகும். ஓய்வாக இருக்கையில் நாம் ஒரு மூச்சில் நுரையீரலின் காற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை மட்டுமே மாற்றுகிறோம். டால்பினோ நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மாற்றும் ஆற்றல் உடையது. நமக்கு உறக்கத்திலும் மூச்சு தானே நடக்கும். டால்பினின் ஒவ்வொரு மூச்சும் அது எண்ணி விடும் மூச்சு. ஆகவே மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கும். 1950களில் ஆய்வுக்காக மயக்க மருந்து செலுத்தப்பட்ட டால்பின்கள் மூச்சு நின்று இறந்தபோதுதான் இவ்வுண்மையின் கடுமை விளங்கிற்று. வென்டிலேட்டர் ஏன் என்று வினவும் குடும்பத்தினருக்கு இதனை நான் சிலமுறை கூறியதுண்டு.

தளர்ந்துபோன கன்றையோ துணையையோ, அது மூச்சு விடும்பொருட்டு, மற்ற டால்பின்கள் அடியிலிருந்து தாங்கி மேற்பரப்புக்கு உயர்த்துவதைப் பலர் பதிவு செய்துள்ளனர். இறந்த கன்றைத் தாய் நாள்கணக்கில் சுமந்து திரிவதும் உண்டு. அதனை அன்பென்று பெயரிட அறிவியலாளர் தயங்குவர். அத்தயக்கம் சரியே எனினும், கட்டிலருகே இரவு முழுதும் விழித்திருக்கும் உறவினரைக் காண்கையில் அக்காட்சி எனக்கு நினைவுக்கு வரும்.

இவ்வளவு வலிய நுரையீரலும் கெட்டுப்போகும். மெக்சிகோ வளைகுடாவில் 2010-ஆம் ஆண்டில் நிகழ்ந்த எண்ணெய்க் கசிவுக்குப் பின், மறு ஆண்டு லூசியானாவின் பரடாரியா விரிகுடா டால்பின்களை மருத்துவர்கள் பரிசோதித்தனர். எண்ணெய் படாத சரசோட்டா விரிகுடாவின் டால்பின்களோடு ஒப்பிட, நடுத்தர அல்லது கடுமையான நுரையீரல் நோய் இவற்றுக்கு ஐந்து மடங்கு மிகுதியாக இருக்க வாய்ப்புக் காணப்பட்டது. நம் மூக்கிலுள்ளதைப் போன்ற வடிகட்டும் அமைப்பு அவற்றுக்கு இல்லை. நீர்ப்பரப்பை ஒட்டிய ஆவியை நேரே ஆழமாக இழுக்கின்றன. விறகடுப்புப் புகையில் முப்பது ஆண்டுகள் சமைத்த தாய்மாரின் நுரையீரலை நாள்தோறும் பார்ப்பவர்க்கு இது வியப்பளிக்காது.

காண வருவோராலும் தீங்கு நேரலாம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சுற்றுலாப் படகு நிறுவனங்கள் இரண்டானபோது, அவ்விடத்தில் டால்பின்கள் ஏறத்தாழ ஏழில் ஒன்று என்ற அளவில் குறைந்தன என 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் அரசு ஓர் உரிமத்தை நீக்கிற்று. ஆகவே கரையில் நின்று பார்ப்பதையே நான் விரும்புகிறேன். மூச்சிரைப்பு உடையவர்க்கும் ஆடும் படகைவிடக் கரையே நலம்.

மன்னார் வளைகுடாவிலும் இவற்றின் நெருங்கிய உறவான இந்தோ-பசிபிக் புட்டிமூக்கு டால்பின் வாழ்கிறது. ஓங்கில் என்பது அதற்குரிய தமிழ்ப்பெயர். அங்குச் செல்ல நேர்ந்தால் காற்றெழாத காலைப் பொழுதில் செல்லுங்கள். நீர் கண்ணாடிபோல் இருந்தால்தான் துடுப்பு தெரியும். குடையும் குடிநீரும் உடன் இருக்கட்டும். இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். வண்டியில் விட்டுவிட்டு, மணலில் நெடுந்தூரம் நடந்தபின் தேடுவோரே மிகுதி.